கம்மி பட்ஜெட்ல நல்ல வுட் ஸ்டவ் வாங்குறது எப்படி? புதுசா வாங்குறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

இது சமைக்கிற விறகு அடுப்பு பத்தின கட்டுரை இல்லங்க. குளிர்காலத்துல ரூமைச் சூடாக்க வைக்கிறாங்களே, கண்ணாடிக் கதவும் மேல புகைக் குழாயும் உள்ள இரும்பு ஸ்டவ், அதப் பத்தினது. புதுசா வாங்கப் போறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த ஸ்டவ் நல்லது?"ன்னுதான். கையில காசு கம்மின்னா அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிடுங்க. முதல்ல சிம்னி, அடுத்து விறகு, அப்புறம் சைஸ், கடைசியாத்தான் மாடல். இந்த வரிசையில போனா சாதாரண ஸ்டவ்வே நல்லா சூடு குடுக்கும், தலைகீழா போனீங்கன்னா எவ்வளவு விலை குடுத்து வாங்கின ஸ்டவ்வா இருந்தாலும் ரூமுக்குள்ள புகையைக் கக்கிட்டு நிக்கும்.

1. மொத்தச் செலவையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க

ஸ்டவ் விலை மட்டும் செலவு இல்ல. புகைக் குழாய், அது கூரையைத் தாண்டுற இடத்துல தண்ணி இறங்காம வைக்கிற தகடு, ஸ்டவ் நிக்கிறதுக்குத் தீப்பிடிக்காத தளம், மாட்டுற ஆள் கூலி, கார்பன் மோனாக்சைடு அலாரம், முதல் வருஷத்து விறகு, எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா நிறைய வீட்ல ஸ்டவ்வை விட மத்த செலவுதான் ஜாஸ்தியா நிக்கும். இது தெரியாம ஸ்டவ்வுக்கே முக்கால்வாசி காசைப் போட்டுட்டு அப்புறம் குழாய்ல மிச்சம் புடிக்கப் பாக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க. வீடு தீப்பிடிக்காம காப்பாத்துறது அந்தக் குழாய்தான், அதுல மட்டும் கை வைக்காதீங்க.

செலவைக் குறைக்க நியாயமான வழி வேற இருக்கு. குழாய் நேரா மேல போற மாதிரி ஸ்டவ்வுக்கு இடம் பாருங்க, ஏன்னா ஒவ்வொரு வளைவும் தனிக் காசு, அதோட புகை இழுக்குற சக்தியும் ஒவ்வொரு வளைவுலயும் குறையும். அடுத்தது மேனுவல். வாங்குறதுக்கு முன்னாடியே அதை டவுன்லோட் பண்ணி ரெண்டு விஷயம் தேடுங்க. ஒண்ணு, ஸ்டவ்வுக்கு அடியில இருக்குற தளம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாதுன்னு டெஸ்ட் பண்ணியிருக்காங்களான்னு பாருங்க. அப்படி இருந்தா பெரும்பாலும் மெல்லிசான கல் பலகையே போதும், இல்லன்னா கனமான கான்கிரீட் தளம் போடச் சொல்லுவாங்க, அதுக்கு மேஸ்திரி, சிமென்ட்டுன்னு தனி பில் வரும். இன்னொண்ணு, மரச்சுவர், கர்ட்டன், சோஃபா மாதிரி தீப்பிடிக்கிற சாமான்ல இருந்து எவ்வளவு தூரம் விடணும்னு போட்டிருப்பாங்க. சின்ன ரூம்ல இந்த நம்பர் ரொம்ப முக்கியம், பின்னாடி அரை மீட்டருக்கு மேல இடம் கேக்குற ஸ்டவ்வை வாங்கினா அது ரூமுக்கு நடுவுல வந்து நிக்கும். பக்கவாட்டுல இன்னொரு அடுக்குத் தகடு வெச்ச மாடலுக்கு பொதுவா இடம் கம்மியா போதும்.

உங்க ஊர்ல விறகு எரிக்க என்ன விதி, பர்மிஷன் வேணுமா, மாட்டினதுக்கு அப்புறம் யாராவது வந்து செக் பண்ணி சர்ட்டிபிகேட் தரணுமா, வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனி என்ன கேக்கும், இதையும் இப்பவே விசாரிச்சிடுங்க.

2. சிம்னியைப் பாருங்க

ஸ்டவ்வுக்கு மோட்டார் கிடையாது. சூடான புகை லேசா இருக்குறதால மேல போகுது, அது போற வேகத்துல கீழ காத்தை உள்ள இழுக்குது, அந்தக் காத்துலதான் விறகு எரியுது. அதனால சிம்னி சூடா இருக்கணும், போதுமான உயரம் இருக்கணும். பொதுவா ஸ்டவ் மேல்பக்கத்துல இருந்து குழாய் நுனி வரைக்கும் 4.5 மீட்டராவது வேணும்னு சொல்லுவாங்க, வளைவு இருந்தா இன்னும் கூடுதலா. பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-கள்ல ஒரு ஸ்டவ் டிசைன் பண்ணார், சூட்டை நிறைய எடுக்கணும்னு புகையைக் கீழ இறக்கி, தரைக்கு அடியில கொண்டுபோய், அப்புறம் சிம்னியில மேல ஏத்துற மாதிரி. ஐடியா நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா புகை ஆறிப்போயி இழுவை இல்லாம திணறுச்சு, பின்னாடி வந்தவங்க அந்த வழியை மாத்தித்தான் அதை உருப்படியாக்கினாங்க. இன்னிக்கும் வெளிச்சுவர்ல ஒத்தைத் தகடு குழாயை நிறுத்துறவங்க மாட்டிக்கிறது இதே பிரச்சனையிலதான். வெளிய போற பகுதி முழுக்க உள்ள இன்சுலேஷன் வெச்ச இரட்டைச் சுவர் குழாயாவே இருக்கணும். முடிஞ்சா வீட்டுக்கு உள்ளயே மேல கொண்டுபோய் கூரையில வெளிய விடுங்க, குழாய் சூடாவே இருக்கும்.

ஏற்கனவே செங்கல் சிம்னி இருக்குற வீடுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், ஆனா கண்ணை மூடிட்டு அதுல ஸ்டவ்வை மாட்டிடாதீங்க. சுத்தம் பண்ற ஆளைக் கூப்பிட்டு, கேமரா விட்டுப் பாக்கச் சொல்லி, புகை டெஸ்ட்டும் எடுங்க. பறவைக்கூடு, உதிர்ந்த காரை, பக்கத்து ரூமுக்குள்ள புகை கசியுற விரிசல் எல்லாம் அப்பத்தான் தெரியும். பழைய சிம்னி உள்வட்டம் பெருசா இருக்கும், ஸ்டவ்ல இருந்து வர்ற கொஞ்சப் புகை அதுல பரவி ஆறிடும், அதனால சிம்னிக்குள்ள லைனர், அதாவது வளையுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்குழாய், விட வேண்டி வரும். ஸ்டவ்ல புகை வெளிய வர்ற வாய் எவ்வளவு விட்டமோ அதை விடச் சின்னக் குழாய் போட்டு சமாளிக்கலாம்னு யாராவது சொன்னா அந்த ஆளை அனுப்பிடுங்க.

3. விறகு எங்க இருந்து வரும்?

ஸ்டவ்வை ஒரு தடவைதான் வாங்குறோம், விறகு வருஷா வருஷம். கணக்கு இப்படித்தான் வரும்: நல்லா காஞ்ச விறகு ஒரு கிலோ கிட்டத்தட்ட 4 கிலோவாட் அவர் சக்தி தரும். 5 கிலோவாட் சூடு தர்ற, 75 சதவீத எஃபிஷியன்சி உள்ள (அதாவது விறகு சக்தியில 75 சதவீதத்தை ரூமுக்குச் சூடா தர்ற) ஸ்டவ் மணிக்கு சுமார் 1.7 கிலோ தின்னும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் எரிச்சா 10 கிலோகிட்ட, 100 நாள் குளிருக்கு ஒரு டன். இந்த ஒரு டன்னை எங்க வாங்குவீங்க, எங்க மழை படாம அடுக்குவீங்கன்னு பதில் இல்லன்னா ஸ்டவ்வே வேணாம், வேற ஹீட்டிங் பாருங்க.

இதுல ஈரம்தான் பெரிய திருடன். அப்பத்தான் வெட்டின மரத்துல பாதி எடை தண்ணியா இருக்கலாம், அந்த நிலைமையில ஒரு கிலோவுக்கு சக்தி 2.3 கிலோவாட் அவர் மாதிரிதான் கிடைக்கும், ஏன்னா அந்தக் கிலோவுல பாதிதான் மரம், அதோட சக்தியிலயும் கொஞ்சம் தண்ணியை ஆவியாக்கவே போயிடும். புகையும் தாரும் இலவசம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். பிளந்து, காத்தோட்டமா அடுக்கி, மேல மட்டும் மூடி வெச்சா ஒண்ணுல இருந்து ரெண்டு வருஷத்துல அந்த நிலைமைக்கு வரும், கெட்டி மரம் இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஒரு மாய்ஸ்ச்சர் மீட்டர் வாங்கிக்கோங்க, விலை பெருசா இல்ல. ஆனா வெளிப்பக்கத்துல குத்திப் பாத்தா மீட்டர் பொய் சொல்லும், வெளித்தோல் காஞ்சிருக்கும், உள்ள ஈரமா இருக்கும். கட்டையைப் புதுசா பிளந்து, அப்ப வெளிய வந்த உள்பக்கத்து நடுவுல ரெண்டு ஊசியையும் அழுத்தி ரீடிங் எடுங்க. விறகு விக்கிறவர் முன்னாடியே இதைப் பண்ணலாம், காஞ்ச விறகு வெச்சிருக்கிறவர் கோச்சுக்க மாட்டார்.

எடைக்கு வாங்குறதா இருந்தா ஈர விறகு வாங்குறது தண்ணிக்குக் காசு குடுக்குற வேலை. அளவுக்கு வாங்குறதா இருந்தா கொட்டின கனமீட்டரா, அடுக்கின கனமீட்டரான்னு கேளுங்க, கொட்டின ஒரு கனமீட்டரை அடுக்கினா 0.6, 0.7 மாதிரிதான் தேறும். கெட்டி மரம்தான் நல்லது, மென்மையான மரம் ஆகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு. காஞ்சிருந்தா கிலோ கணக்குல ரெண்டும் ஏறத்தாழ ஒரே சூடுதான், மென்மையான மரம் இடத்தை அடைச்சுக்கும், சீக்கிரம் எரிஞ்சுடும், அவ்வளவுதான். பெயின்ட் அடிச்ச மரம், பூச்சி மருந்து ஏத்தின மரம், பிளைவுட், பழைய ஃபர்னிச்சர் பலகை எதையும் இலவசமா கிடைச்சாலும் போடாதீங்க. கடல்ல ஒதுங்கின கட்டையும் வேணாம், உப்பு ஸ்டவ்வையும் குழாயையும் அரிச்சுடும்.

4. சைஸ்: பெருசு வேணாம்

புதுசா வாங்குறவங்க அதிகமா சறுக்குற இடம் இதுதான். "கொஞ்சம் பெருசாவே எடுத்துடலாம், தேவைன்னா குறைச்சு எரிச்சுக்கலாம்"னு நினைப்பாங்க. குறைச்சு எரிக்கிறதுன்னா காத்தை அடைக்கிறது. காத்து குறைஞ்சா விறகு முழுசா எரியாம புகையும், கண்ணாடி கருப்பாகும், குழாய்ல தார் படியும், அந்தத் தார் ஒரு நாள் பத்திக்கிட்டா சிம்னிக்குள்ள 1000 டிகிரிக்கு மேல போற தீ. சின்ன ஸ்டவ்வை நல்ல சூட்டுல எரிக்கிறது விலையிலயும் கம்மி, விறகும் கம்மி, ஆபத்தும் கம்மி.

தோராயக் கணக்கு ஒண்ணு இருக்கு. ரூமோட நீளம், அகலம், உயரம் மூணையும் மீட்டர்ல பெருக்குங்க. சுமாரான இன்சுலேஷன் உள்ள வீடுன்னா 14-ஆல வகுங்க, குளிர் உள்ள புகுற பழைய வீடுன்னா 10, நல்லா அடைச்ச புது வீடுன்னா 20 இல்ல அதுக்கு மேல. 5 மீட்டருக்கு 4 மீட்டர் ரூம், உயரம் 2.4ன்னா 48 கனமீட்டர். சுமாரான வீட்டுக்கு 3.4 கிலோவாட் போதும், பழைய வீட்டுக்கே 4.8தான். 8 கிலோவாட் ஸ்டவ்வை ஆஃபர்ல தர்றாங்கன்னு இந்த ரூம்ல வெச்சீங்கன்னா குளிர்காலத்துல ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு உக்காரணும். இன்னொரு விஷயம், விளம்பரத்துல "8 கிலோவாட் வரைக்கும்"னு உச்சபட்ச நம்பரைப் போடுவாங்க. நீங்க பாக்க வேண்டியது டெஸ்ட்ல பதிவான சாதாரண அளவு, மேனுவல்லயோ ஸ்டவ் பின்னாடி இருக்குற தகட்டுலயோ இருக்கும்.

உள்ள எவ்வளவு நீளக் கட்டை போகும்னும் பாத்துக்கோங்க. 25 சென்டிமீட்டர்தான் போகும்னா கடையில கிடைக்கிற கட்டை நிறைய நீளமா இருக்கும், ஒவ்வொண்ணையும் நீங்கதான் அறுக்கணும்.

5. ஸ்டீலா, வார்ப்பிரும்பா?

இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை போடுறாங்கன்னு தெரியல. ஸ்டீல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், வெல்டிங் பண்ணியிருக்குறதால கசியுற இடம் கம்மி. வார்ப்பிரும்பு மெதுவா சூடாகி, தீ அணைஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் சூட்டைப் புடிச்சு வெச்சிருக்கும், ஆனா பாகங்களைச் சேர்த்து மாட்டினதால வருஷம் போகப் போக இணைப்புல பூசின தீ சிமென்ட் உதிரலாம், அடிபட்டா விரிசல் விடும். சாயங்காலம் மட்டும் எரிக்கிறவங்களுக்கு ஸ்டீல் வசதி, நாள் முழுக்க எரிக்கிறவங்களுக்கு வார்ப்பிரும்பு. கம்மி விலை ஸ்டீல்ல தகடு கனத்தை மட்டும் கேளுங்க, 4, 5 மில்லிமீட்டர் இருந்தா நிம்மதி, ரொம்ப மெல்லிசுன்னா சூட்டுல நெளியும்.

விறகு மட்டும் எரிக்கப் போறீங்கன்னா நிலக்கரியும் சேர்த்து எரிக்கிற மாடலுக்குக் கூடக் காசு குடுக்க வேணாம். நிலக்கரிக்குத்தான் அடியில கம்பித் தட்டும் கீழ இருந்து காத்தும் வேணும், விறகு சாம்பல் மெத்தை மேல மேல் காத்துலயே நல்லா எரியும்.

6. கடையில ஸ்டவ் முன்னாடி குந்தி உக்காந்து செக் பண்ணுங்க

கதவைத் திறங்க. ஓரத்துல சுத்தி ஒரு கயிறு மாதிரி சீல் இருக்கும். ஒரு பேப்பர் துண்டைக் கதவு ஓரத்துல வெச்சு மூடி, தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பாருங்க. சிக்குன்னு புடிச்சிருக்கணும். சுலபமா உருவிட்டு வந்தா அங்க காத்து உள்ள போகும், தீயைக் கட்டுப்படுத்தவே முடியாது. மேல, கீழ, கீல் பக்கம், கைப்பிடி பக்கம் நாலு இடத்துலயும் இதைப் பண்ணுங்க. கதவை லேசா மேல தூக்கிப் பாத்து கீல் ஆடுதான்னும் பாருங்க. கண்ணாடி, சூட்டைத் தாங்குற செராமிக் கண்ணாடியா இருக்கணும்.

அடுத்தது காத்து வர்ற வழி. கண்ணாடிக்கு மேல இருந்து கீழ காத்து இறங்கி அதைச் சுத்தமா வெச்சுக்குற அமைப்பு இப்ப கம்மி விலை மாடல்லயே வருது, இல்லாததை வாங்காதீங்க. உள்ள பின்சுவர்ல வரிசையா சின்ன ஓட்டை இருந்தா இன்னும் நல்லது, விறகுல இருந்து கிளம்புற வாயு எரியாம தப்பிச்சுப் போறதுக்குள்ள அந்தக் காத்து அதை எரிச்சுடும், விறகோட சக்தியில பெரும்பகுதி அந்த வாயுவுலதான் இருக்கு. காத்து லீவரை இந்த முனையில இருந்து அந்த முனைக்குத் தள்ளிப் பாருங்க, சிக்கக் கூடாது, தொளதொளன்னும் இருக்கக் கூடாது. ஸ்டவ்வுக்குள்ள மேல்பக்கத்துல தீயைத் தடுத்துத் திருப்புற பேஃபிள் தட்டு இருக்கும், அது கழட்டி மாட்டுற மாதிரி இருக்கணும், இல்லன்னா சிம்னி சுத்தம் பண்றப்ப உயிரை எடுக்கும்.

உள்ள சுத்தி இருக்குற லேசான மஞ்சள் நிறச் செங்கல், வெர்மிகுலைட்டுல செஞ்சது, கட்டை இடிச்சா உடையும். அது உடையுறது குறை இல்ல, அது கிடைக்குதாங்கிறதுதான் கேள்வி. கடைக்காரர்கிட்ட "இந்த மாடலுக்கு செங்கல், பேஃபிள், கண்ணாடி, கயிறு தனியா என்ன விலை, ஸ்டாக் இருக்கா?"ன்னு கேளுங்க. பதில் இழுத்தா, பேர் தெரியாத பிராண்டா இருந்தா, விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் விட்டுடுங்க. வாரன்ட்டி 5 வருஷம்னு போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் வெளி உடம்புக்கு மட்டும்தான், இந்த நாலும் அதுல வராது.

லேபிளையும் ஒரு பார்வை பாருங்க. ஐரோப்பிய யூனியன்ல 2022 ஜனவரி 1-ல இருந்து ஈக்கோடிசைன் விதி இருக்கு, மூடின ஸ்டவ்வுக்கு பருவ எஃபிஷியன்சி (சீசன் முழுக்க சராசரியா கணக்கு போட்டது) குறைஞ்சது 65 சதவீதம். அமெரிக்காவுல 2020 மே மாசத்துல இருந்து மணிக்கு 2 கிராம் புகைத்துகள்தான் எல்லை, நிஜ விறகுல டெஸ்ட் பண்ணினா 2.5. நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் இந்த மாதிரி ஒரு டெஸ்ட்டைத் தாண்டின ஸ்டவ்வா எடுங்க. எஃபிஷியன்சி 78 சதவீதமா, 81 சதவீதமான்னு குழம்ப வேணாம், உங்க விறகு ஈரம் 5 சதவீதம் ஏறினா அந்த வித்தியாசம் காணாமப் போயிடும். கேட்டலிஸ்ட் (புகையை எரிச்சுடுற ஒரு பாகம்) வெச்ச மாடல் நல்லா எரியும், ஆனா சில வருஷத்துல அதை மாத்தணும், அந்த விலையைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

7. செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம், காசு பாதியா குறையலாம். ஆனா தகட்டுல மாடல் பேரும் நம்பரும் இல்லாத ஸ்டவ் வேணாம், ஸ்பேர் தேட முடியாது, மாட்டுற ஆளும் கையெழுத்துப் போட மாட்டார். சில ஊர்ல டெஸ்ட் ஆகாத பழைய ஸ்டவ்வைப் புதுசா மாட்டவே விட மாட்டாங்க, அதையும் கேட்டுக்கோங்க. நேர்ல போறப்ப ஒரு டார்ச்சும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துட்டுப் போங்க. ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை ஸ்டவ்வுக்குள்ள வெச்சுக் கதவை மூடுங்க. சுத்தி வந்து பாருங்க, கண்ணாடியும் காத்து வழியும் தவிர வேற எங்கயாவது, முக்கியமா இணைப்புல, பின்பக்க மூலையில, வெளிச்சக் கீத்து தெரிஞ்சா அங்க ஓட்டை. இணைப்புல மட்டும்னா தீ சிமென்ட் வெச்சு அடைக்கலாம், வார்ப்பு உடம்புல விரிசல்னா கும்புடு போட்டுட்டு வந்துடுங்க. மேல் தட்டும் பேஃபிளும் நெளிஞ்சிருந்தா அளவுக்கு மீறி எரிச்சிருக்காங்கன்னு அர்த்தம். மேலோட்டமான துருவை பிரஷ் போட்டுத் தேய்ச்சு ஸ்டவ் பெயின்ட் அடிச்சா போயிடும், குழி குழியா அரிச்சிருந்தா போகாது. கயிறு, கண்ணாடி, செங்கல் மூணும் மாத்த வேண்டியிருந்தா அந்த விலையைக் கூட்டி, புது ஸ்டவ் விலையோட வெச்சுப் பாருங்க, சில சமயம் வித்தியாசமே இருக்காது.

குழாயை மட்டும் பழசு வாங்காதீங்க.

8. எதுக்கெல்லாம் இப்ப காசு வேணாம்

ஸ்டவ் மேல வைக்கிற குட்டி ஃபேன், அழகான விறகு கூடை, பித்தளைக் கருவி செட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கலர் எனாமல் போட்டதுக்கு வாங்குற கூடுதல் காசுல ஒரு துளி சூடு கூட வராது. குழாய்ல ஒட்டுற காந்தத் தெர்மாமீட்டர் மட்டும் வாங்குங்க, ரொம்பக் குறைச்சு எரிக்கிறீங்களா, ரொம்ப ஏத்துறீங்களான்னு அது காட்டிடும்.

9. மாட்டுறதும் முதல் தீயும்

தெரிஞ்ச, அனுமதி உள்ள ஆளை வெச்சு மாட்டுங்க, குறைஞ்சது ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கி, அதுல குழாய் வகையும் நீளமும் எழுதியிருக்கான்னு பாருங்க. வீடு ரொம்ப இறுக்கமா அடைச்சிருந்தா ஸ்டவ்வுக்கு வெளிக்காத்து வர ஒரு வழி வேணும். அதே ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினா புகையைத் திருப்பி உள்ள இழுக்கும், அதனால ரெண்டையும் சேர்த்து ஓட விட்டு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாம ஒரு நாள் கூட எரிக்காதீங்க. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஸ்டவ்வுக்கு நேர் மேல மாட்டாம, அலாரத்தோட பேப்பர்ல சொன்ன தூரத்துல, ஸ்டவ் இருக்குற அதே ரூம்ல மாட்டுங்க.

முதல் ரெண்டு மூணு தடவை சின்னத் தீ மட்டும் போட்டு ஆற விடுங்க, பெயின்ட் இறுகுறப்ப நாத்தமும் லேசான புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வெச்சா போயிடும். அப்புறம் தீ போடுறப்ப பெரிய கட்டை கீழ, சின்னக் குச்சி மேல, பத்த வெக்கிறது உச்சியில. தீ மேல இருந்து கீழ இறங்குறதால ஆரம்பப் புகை கம்மியா இருக்கும், சிம்னியும் சீக்கிரம் சூடாகும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிம்னியைச் சுத்தம் பண்ணுங்க, தினமும் எரிச்சா ரெண்டு தடவை. சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில அள்ளி வீட்டுக்கு வெளிய, கல் தரையில வைங்க, ஆறிப்போன மாதிரி தெரிஞ்சாலும் உள்ள கங்கு நாள் கணக்குல உயிரோட இருக்கும்.